அறுபதாவது அலகும் ஸ்மார்ட் வீடும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அந்த இருட்டை விட, பின்னர் வந்த மின்பட்டியல்தான் பல வீடுகளை உலுக்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கி, ஜூனில் 15 சதவீதம் மீண்டும் கூடியது.

இந்தச் சூழலில்தான் 'ஸ்மார்ட் வீடு' விளம்பரங்கள் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்திருக்கின்றன. கைபேசியால் அணைக்கும் மின்குமிழ், ஆளில்லாத அறையில் தானாக நிற்கும் மின்விசிறி, எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் ஸ்மார்ட் பிளக். கடையில் வாங்காதவர்களுக்கு வெளிநாட்டு உறவுகளின் பெட்டியில் வருகிறது. (கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். எங்களுடையது 230.)

சிக்கனம் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1990க்குப் பின் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆகவே கேள்வி வேறு: இந்தக் கருவிகள் எங்கள் வீட்டில் எதை மிச்சப்படுத்தும்?

கட்டண முறையைப் பார்த்தால் விடை தெரியும். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஓர் அட்டவணை. அறுபதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறொரு அட்டவணை, நிலையான கட்டணமும் கூட. கணவரை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் 58க்கும் 62க்கும் இடையிலுள்ளது வெறும் நான்கு அலகல்ல.

அந்த நான்கு அலகு எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தேன். 10 வாட் வைஃபை றவுட்டர் இரவு பகலாக எரிந்தால் மாதம் 7.2 அலகு. ரிமோட்டால் மட்டும் அணைக்கப்படும் தொலைக்காட்சிப் பெட்டியின் டிகோடரும் கிட்டத்தட்ட அதே அளவு குடிக்கக்கூடியது. ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி, தாங்கி நிறைந்து வழிய வழிய தினமும் கால் மணி நேரம் ஓடினால் ஐந்தரை அலகுக்கு மேல். கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து வீண். எனவே எங்கள் ஊருக்கு முதலாவது ஸ்மார்ட் கருவி, தாங்கி நிறைந்ததும் பம்பியை நிறுத்தும் மிதவை ஆளிதான். அதற்கு இணையமும் தேவையில்லை, செயலியும் தேவையில்லை. ஸ்மார்ட் பிளக்கோ தானே ஒரு வாட் அளவு இழுக்கும். மாதம் முக்கால் அலகு அதற்கே போகும். குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு எடுக்கிறது என்று அறிய ஒரு கிழமை பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றலாம். நான்கு வீடு சேர்ந்து ஒன்றை வாங்கினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த அறையில் எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது, வீடு எப்போது வெறுமையாய் இருந்தது என்பதெல்லாம் இந்தச் செயலிகளின் வழியே எங்கோ உள்ள சேவையகத்துக்குப் போகிறது. வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று பல ஆண்டுகள் விசாரிக்கப்பட்ட சனங்களுக்கு இது சின்ன விடயமல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துபவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று தமிழில் வாசிக்க வழியில்லாவிட்டால் சட்டம் இருந்தும் பயன் குறைவு.

மின்சார சபைக்கும் ஒரு பங்குண்டு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரைச் சூரியகலம் வைத்திருந்தோரை அணைக்கச் சொன்னார்கள். மாலை 6.30 முதல் 10.30 வரையோ நெருக்கடி. பகலில் பம்பி போட்டால் மலிவு என்றால் யார் இரவில் போடுவார்? நேரத்துக்கேற்ற கட்டணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாதாரண மின்மானி எத்தனை அலகு என்று மட்டுமே பதியும், எத்தனை மணிக்கு என்று பதியாது. நேரம் பதியும் மின்மானியை முதலில் 60 அலகுக் கோட்டில் தத்தளிக்கும் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும், அதன் செலவை அவர்களின் பட்டியலில் ஏற்றாமல்.