மீன் விற்பவளுக்கு ஞாயிறு ஏது?

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழகத்தின் முதல் மாபெரும் கொரோனா தடுப்பூசி முகாம். ஓய்வு நாள் என்று கோட்டையில் நாள் குறித்தார்கள். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கோ வாரத்திலேயே மூச்சுவிட நேரமில்லாத நாள் அது. விடியுமுன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். ஏலத்தில் எடுத்த மீனை விற்றுத் தீர்த்துக் கூடையை இறக்கும்போது உச்சிவெயில் சாய்ந்திருக்கும். ஊசி போட்டுக் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் கந்துக்காரருக்கு யார் பதில் சொல்வது?

அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. அசைவம் சாப்பிடுபவர்களும் மது அருந்துபவர்களும் ஞாயிறன்று ஊசி போடத் தயங்குகிறார்கள் என்று காரணம் சொன்னார் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். மீன் தின்பவர்களைப் பற்றி யோசித்த அரசுக்கு மீன் விற்பவர்கள் நினைவுக்கு வரவில்லை.

அதற்கு முன் நடந்தது இதைவிட மோசம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் கிடக்கும். விசைப்படகுக் கடலோடிகள் அத்தனை பேரும் ஊரில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். 2021-ல் அந்த நாட்களில்தான் ஊசிக்குத் தட்டுப்பாடு. 18 முதல் 44 வயதினர் முதலில் ‘கோவின்’ இணையதளத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் ஒரு தவணை கோவாக்சின் ஆயிரம் ரூபாய்க்கும் மேல். காசு கொடுத்துப் போட்டுக்கொள் என்ற அந்தக் கொள்கை தன்னிச்சையாகத் தெரிகிறது என்று உச்ச நீதிமன்றமே மே 31 ஆணையில் கண்டித்தது. எல்லாருக்கும் இலவசம் என்ற ஒன்றிய அரசின் திட்டம் நடைமுறைக்கு வந்தது ஜூன் 21-ல், தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் கழித்து. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போனவர் நடுக்கடலில் கையை நீட்டவா முடியும்?

இந்தக் கரையை ஒட்டிய ராயபுரம் மண்டலம் 2020 மே மாதம் சென்னையின் தொற்றுக் கணக்கில் முதலிடத்தில் நின்றது. நோயில் முந்தியவர்களுக்கு மருந்தில் முன்னுரிமை தராமல், ‘விழிப்புணர்வு இல்லை’ என்று பழியை அவர்கள் தலையிலேயே கட்டுவது அநியாயம்.

இந்தத் தவறு இனியும் தொடரக் கூடாது. 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது தமிழக அரசு. பள்ளி வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்து ஊசி போட்டால், படிப்பை விட்டு வீட்டு வேலைக்கும் மீன் வேலைக்கும் போன பெண்பிள்ளைகள் விடுபடுவார்கள். தேவை அவர்களுக்குத்தான் அதிகம்.

மீன் விற்கும் பெண்களைக் கேட்டு முகாம் நாளைக் குறியுங்கள். தடைக்காலத்தில் ஏலக்கூடத்திலேயே மேசை போடுங்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது எனச் சொல்லாதீர்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயைக் கொடுக்க மீன்வளத் துறை வைத்திருக்கும் குடும்பப் பட்டியலை சுகாதாரத் துறை முதலில் கேட்டு வாங்கட்டும்.