பசுமை எந்தச் சொல்லுக்கு அடை?

'பசுமைத் தொகுப்பு வெள்ளி நானோ துகள்கள்' என்னும் தொடரில் பசுமை எதைச் சிறப்பிக்கிறது? இலக்கணப்படி தொகுப்பை மட்டுமே. ஆய்வரங்குகளிலோ அது துகளின் பண்பாகவே ஒலிக்கிறது. இந்தச் சொல்மயக்கத்தின் மீது முனைவர் பட்டங்கள் பல எழும்பி நிற்கின்றன.

முறை எளிது. இலையையோ பட்டையையோ காய்ச்சி வடித்து வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் கலந்தால், சாற்றின் பீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் வெள்ளி அயனிகளை உலோகமாக ஒடுக்குகின்றன. கரைசல் பழுப்பாகிறது, 420 நானோமீட்டரை ஒட்டி உட்கவர் முகடு எழுகிறது. 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் வேப்பிலைச் சாற்றில் தங்க, வெள்ளித் துகள்களை உருவாக்கிக் காட்டியபோது அது புதிது. 2010இல் திருப்பதி ஆய்வாளர்கள் சேஷாசல மலைக்குரிய பாஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலேட்டா மரப்பட்டையை எடுத்தாண்டபோதும், மண்ணின் தாவரத்தை அறியும் ஆவல் அதில் இருந்தது. பின்வந்தவற்றுள் பெரும்பாலானவை செடியின் பெயரை மட்டும் மாற்றிய மறுபதிப்புகள். அரிய மரங்களின் பட்டையை உரித்துத்தான் இந்தப் பட்டியலை நீட்ட வேண்டுமா?

நச்சு வேதிப்பொருள் தவிர்க்கப்படுகிறதே என்பர். சோடியம் போரோஹைட்ரைடோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் நெடுங்காலமாக வழங்கும் சிட்ரேட்டு முறை, எலுமிச்சையிலுள்ள அமிலத்தின் உப்பைத்தான் பயன்படுத்துகிறது. அதில் என்ன நஞ்சு? பயன் முடிந்த பொருள் தீங்கின்றிச் சிதைய வேண்டும் என்பது 1998இல் அனஸ்டாஸும் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 நெறிகளுள் ஒன்று. வெள்ளி சிதைவதில்லை. நீர்நிலை சேர்ந்தால் அதன் அயனிகள் மீனுக்கும் நீர்த்தெள்ளுக்கும் நஞ்சு. துளசிச் சாற்றில் பிறந்தாலும் வெள்ளி வெள்ளியே.

பயன்பாடு என்று காட்டப்படுவது பெரும்பாலும் பாக்டீரியாத் தட்டில் ஒரு தடை வளையம். வெள்ளி நுண்ணுயிரைக் கொல்லும் என்பது பழைய செய்தி. செடி கூடுதலாக என்ன செய்தது என்பதே வினா.

இதே திருப்பதியில் மாற்று வழியும் உண்டு. 2008-09, 2009-10 ராபி பருவங்களில் நிலக்கடலை வயலில் நானோ துத்தநாக ஆக்சைடைத் தெளித்துப் பார்த்தனர். கொடுக்கிணைப்புத் துத்தநாக சல்பேட்டின் பதினைந்தில் ஒரு பங்கு அளவிலேயே, அதைவிடக் காய் விளைச்சல் முறையே 29.5, 26.3 விழுக்காடு கூடியதாக 2012இல் வெளியான கட்டுரை கூறுகிறது. அத்துகள் எந்த இலைச்சாற்றிலும் பிறக்கவில்லை. ஆக்சலேட்டைச் சிதைத்துப் பெறப்பட்டது. சித்தூர் உழவருக்கு வேண்டியது வயலில் கிடைத்த இத்தகைய விடை. தலைப்பில் ஒட்டிய அடைமொழி அன்று.

ஆகவே வாய்மொழித் தேர்வில் மூன்று வினாக்கள் கட்டாயமாகட்டும். சாறு மட்டும், வெள்ளி நைட்ரேட்டு மட்டும், சிட்ரேட்டுத் துகள் மட்டும் என்ற ஒப்பீடுகள் எங்கே? வேறு பருவத்தில், வேறு ஊரில் பறித்த இலை அதே துகளைத் தருமா? பயன் முடிந்தபின் உலோகம் எங்கே சேரும்?

விடையில்லாத ஆய்வேடு தலைப்பிலிருந்து 'பசுமை'யை நீக்கிவிட்டு வரட்டும்.