காய்ச்சல் இல்லையென்றால் ஒன்றுமே இல்லையா?

"காய்ச்சல் இருக்கா? இல்லையா? அப்ப ஒண்ணுமில்ல, வெறும் சளிதான்." வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் மாதம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு காதில் விழும். மருந்துக்கடைக்காரர் சொல்வார், போனில் விசாரிக்கும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் இதையே சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மார்கழியில் பெரியம்மாவுக்கு நெஞ்சுச்சளி. எண்பதை நெருங்கும் வயது. முதலில் இருமல். பிறகு சாப்பாடு வேண்டாம் என்றார். அடுத்து, கூப்பிட்டால் மட்டும் கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினார். தெர்மாமீட்டர் வைத்தால் 95.6 காட்டியது. கை, கால் எல்லாம் சில்லென்று இருந்தன. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் அண்ணன். பனிக்காலம்தானே, கம்பளி போர்த்திவிடு என்றார் அண்ணி. ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிய பெண், "டெம்பரேச்சர் இல்லம்மா, உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காய்ச்சலோடு வந்தவர்களை முதலில் உள்ளே அனுப்பினார்கள். பெரியம்மா மூச்சு வாங்கியபடி பெஞ்சில் சாய்ந்திருந்தார். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த மறுநிமிடமே எக்ஸ்ரே, ஆக்சிஜன், அட்மிஷன். நிமோனியா. பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பெஞ்சில் கழிந்த நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

காய்ச்சலைக் கிருமி கொண்டுவருவதில்லை, உடம்புதான் உண்டாக்குகிறது. தொற்று வந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அந்தத் தகவல் போய்ச் சேர்ந்ததும் மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் உடம்பின் வெப்ப அளவைக் கூட்டி வைக்கிறது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கிச் சூட்டைக் கிளப்புகின்றன. முதுமையில் இந்த வேலைகள் எல்லாமே தளர்ந்துபோகின்றன. கடுமையான தொற்று வந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் வராது, வந்தாலும் லேசாகவே இருக்கும். அவர்களுக்கு நோய் சின்னது என்று இதற்குப் பொருளில்லை. எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பில்லை என்றுதான் பொருள். தொற்று ரத்தம்வரை பரவிய நிலையில், காய்ச்சலோடு வருபவர்களைவிட உடல் குளிர்ந்து வருபவர்களே அதிகமாக இறக்கிறார்கள்.

இது மருத்துவ உலகத்துக்குத் தெரியாத ரகசியமா? 1992-இல் வகுத்த செப்சிஸ் (தொற்றால் உடம்பே நிலைகுலைவது) அளவுகோலில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் ஆபத்துக்குறிதான், 36-க்குக் கீழே போனாலும் ஆபத்துக்குறிதான். 1997-இல் வந்த நிமோனியா தீவிரக் கணக்கீட்டில் 40 டிகிரிக்கு எத்தனை புள்ளியோ, 35-க்குக் கீழே போனாலும் அத்தனை புள்ளி. பச்சிளங்குழந்தையின் உடம்பு 35.5-க்குக் கீழே குளிர்ந்தால் அது அபாய அறிகுறி என்கிறது உலக சுகாதார நிறுவனம். புத்தகத்தில் இருப்பது ஏன் வாசல்வரை வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மேலே ஏறுவதை மட்டும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள், கீழே இறங்குவதையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் 98.4 ஃபாரன்ஹீட் என்று ஒரே கோடு போட்டு வைத்திருக்கிறோம். முதியவர்களின் இயல்பான சூடே இதைவிடக் குறைவு. வழக்கமாக 97 இருப்பவருக்கு 99 காட்டினால், அவரைப் பொறுத்தவரை அதுவே காய்ச்சல். முதியோர் இல்லங்களுக்கான அமெரிக்க வழிகாட்டுதலும் அவரவர் இயல்பு அளவிலிருந்து 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் கவனிக்கச் சொல்கிறது. நன்றாக இருக்கும் நாளிலேயே அப்பா அம்மாவின் அளவைக் குறித்து வைத்திருக்கும் வீடு எத்தனை? சூட்டை மறைத்துவிடும் பாரசிட்டமாலைப் புறப்படும் முன் கொடுத்தீர்களா என்று கேட்கும் ஆஸ்பத்திரிதான் எத்தனை?

திடமாக நடமாடும் ஒருவருக்கு 97 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருமலும் சளியுமாகக் கிடக்கும் முதியவரின் உடம்பு குளிர்ந்தால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 20-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், 30 என்றால் ஆபத்து. ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுகிறதா, பேச்சு குழறுகிறதா, ஆள் அடையாளம் தெரியவில்லையா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். ஆஸ்பத்திரி வாசலில் கருவியோடு நிற்பவர்களிடமும் கேட்கிறேன். 102 என்றால் ஓடி வருகிறீர்களே, அந்த ஓட்டம் 95-க்கும் வேண்டும்.