கார் மாறவில்லை, சாலை மாறிவிட்டது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருவரிடம், "இதில் பகல் விளக்கு மாட்டலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். அசல் தன்மை போய்விடுமாம். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியேதான் இருக்க வேண்டுமாம். கேட்பதற்கு இது உயர்ந்த ரசனை மாதிரி இருக்கும். எனக்கு இதில் தெரிவது சோம்பேறித்தனமும் கொஞ்சம் சுயநலமும்தான்.

பொதுவாகப் பேசினால் நழுவிவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: எம்.ஜி.பி. நம்ம எம்.ஜி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மோரிஸ் கராஜஸ் என்ற பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்.ஜி. 1962 முதல் 1980 வரை தயாரானது, இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில். மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். உயரம் நாலடி சொச்சம். அதில் பலருக்கும் பிடித்த நிறம், பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன் என்கிற அடர்பச்சை. இங்கிலாந்துக் கிராமச் சாலைகள் குறுகலானவை, இருபுறமும் உயரமான வேலிச்செடிகள், மேலே மரநிழல். அந்த வளைவில் அந்தப் பச்சைக் கார் வருவதும் ஓர் இலை அசைவதும் எதிரே வருபவருக்கு ஒன்றுதான்.

"1965லும் அப்படித்தானே இருந்தது?" என்பார்கள். இல்லை. 1965ல் அந்தச் சாலையில் யாருமே பகலில் விளக்கு போடவில்லை. எல்லாரும் சமமாக மங்கலாக இருந்தார்கள். ஸ்வீடன் 1977ல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. கனடாவில் 1989 டிசம்பர் முதல் புதிய வண்டிகள் அதோடுதான் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில், அன்று அதில் இருந்த பிரிட்டனையும் சேர்த்து, 2011 பிப்ரவரி முதல் புதிய மாடல் கார்களுக்கு அது விதியானது. அன்றிலிருந்து சாலையில் இருப்பவர்களின் கண் ஒரு புதிய பாடம் படித்துவிட்டது: வருகிற கார் என்றால் விளக்கு எரியும். விளக்கு இல்லையென்றால் அங்கே கார் இல்லை, அல்லது அது நிற்கிறது. உங்கள் எம்.ஜி.பி.யில் ஒரு திருகுகூட மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சுற்றி எல்லாம் மாறியதில் அது 1965ல் தெரிந்ததைவிட இன்று குறைவாகத் தெரிகிறது. இரண்டு விளக்கு மாட்டினால் அந்த அசல் நிலைமையில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.

சரி, அசல் அசல் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். 1974ல் அமெரிக்க விதிகளுக்காகத் தொழிற்சாலையே இந்தக் காரின் குரோம் பம்பரைக் கழற்றி, கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, உயரத்தையும் சுமார் ஒன்றரை அங்குலம் கூட்டியது. இன்று பலர் அந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டு குரோம் மாட்டுகிறார்கள். அதாவது, அந்தக் கார் பிறக்கும்போது இல்லாத முகத்தை அதற்கு ஒட்டுகிறார்கள். அது தப்பில்லையாம். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றதும் கடினமான வால்வு சீட்டுகள் போட்டார்கள், அதுவும் தப்பில்லை. பாயிண்டுகளை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார்கள், தப்பில்லை. இதெல்லாம் ஓட்டுபவரின் வசதிக்கு, அழகுக்கு. எதிரே வருபவருக்காக ஒன்று செய்யச் சொன்னால் மட்டும் அசல் தன்மை ஞாபகம் வந்துவிடுகிறது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. பகல் விளக்கு ஓட்டுபவருக்கானது இல்லை. நம்ம ஊரில் பகலில் பைக் விளக்கு எரிந்தால், எதிரே வருகிற முகம் தெரியாத மனிதர்கூட விரல்களை விரித்து மூடி "லைட் எரியுது" என்று சைகை காட்டுவார். வெளிச்சம் என்றால் பாதை பார்ப்பதற்கு, பகலில் எரிந்தால் அது வீண் என்பது நம் நினைப்பு. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் அணைக்கவே முடியாத முகப்பு விளக்கு வந்த பிறகுதான், விளக்கு பார்க்க மட்டுமல்ல, பார்க்கப்படவும்தான் என்பது மெல்ல உறைத்தது. அசல்வாதிகளின் கணக்கில் இரண்டே பேர்: உரிமையாளர், கார். சந்திப்பில் நின்று இடமும் வலமும் பார்த்து, ஒன்றும் இல்லையென்று காரை நகர்த்தும் மூன்றாவது மனிதர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. எம்.ஜி.பி.யில் ஏர்பேக் கிடையாது. மோதல் நடந்தால் "நான் பார்க்கவே இல்லையே" என்ற ஒரு வாக்கியத்தோடு மிச்ச வாழ்க்கையைக் கழிக்க வேண்டியவர் அவர்தான்.

அடுத்த சாக்கு மின்சாரம். இது நியாயமான கேள்வி. லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகளை வைத்து ஆங்கிலேயர்களே கேலி பேசுவார்கள். 1967க்கு முந்தைய எம்.ஜி.பி.யில் இருப்பது டைனமோ. அதிகபட்சம் 22 ஆம்பியர், ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. பகல் முழுக்க ஹெட்லைட் போட்டால் அது மட்டுமே 8 ஆம்பியர் தின்னும். ஆனால் ஒரு ஜோடி எல்.இ.டி. பகல் விளக்குக்கு ஒன்றரை ஆம்பியரே தாராளம். கவனிக்க வேண்டியது வேறு: அந்தப் பழைய கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய விளக்கை யோசிக்காமல் இணைத்தால் எரியாது. அதன் உலோக உறை நெகட்டிவாக இருந்தால் ஷார்ட் ஆகும். உறையைத் தனிமைப்படுத்தி, ஃபியூஸ் போட்டு, ஹெட்லைட் எரிந்ததும் பகல் விளக்கு அணைய ஒரு ரிலே வைத்தால் முடிந்தது.

பைக் ஓட்டுபவர்களின் ஆட்சேபம் ஒன்று உண்டு: எல்லாரும் விளக்கு போட்டால் நாங்கள் தனித்துத் தெரிய மாட்டோம் என்று. இதை மதிக்கிறேன். அதனால்தான் ஐ.நா. விதி எண் 87 சொல்லும் அளவு முக்கியம்: குறைந்தது 400, அதிகபட்சம் 1,200 கேண்டலா. அதைத் தாண்டிக் கண்ணைக் குத்துவது மரியாதையின்மை. ஆய்வுகள் காட்டும் பலனும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அற்புதம் எதையும் நான் விற்கவில்லை. செலவு சின்னது, தவிர்க்கக்கூடியது பெரியது, அவ்வளவுதான்.

அதற்காக ஹெட்லைட்டைச் சுற்றி நீல வெள்ளைப் பட்டை ஒட்டுபவர்களுக்கும், முன்தகட்டில் டிரில் போட்டுத் துருவுக்கு வாசல் திறந்துவிடுபவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பத்து வருடப் பழைய கோடில் கை வைக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விதான் இங்கேயும்: வேண்டாம் என்றால் சுவடில்லாமல் திரும்பப் போக முடியுமா? பம்பரின் ஏற்கெனவே உள்ள போல்ட்டிலேயே சின்ன பிராக்கெட் மாட்டலாம். இதன் முதல் உரிமையாளர்களே பம்பருக்கு முன்னால் குழாய் பொருத்தி, கிளப் பேட்ஜுகளையும் பனிமூட்ட விளக்குகளையும் தொங்கவிட்டவர்கள்தானே.

பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு வருடாந்திரச் சோதனைகூட வேண்டாம். பகல் விளக்கை அந்தப் பெரிய மாற்றத்தில் யாரும் சேர்ப்பதில்லை. அதை மாட்டு என்று சட்டம் சொல்லாது, மாட்டாதே என்றும் சொல்லாது. முடிவு முழுக்க உரிமையாளர் கையில். அதைக்கூடச் செய்ய மனமில்லாதவர்கள் காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். அங்கே எதிரே யாரும் வர மாட்டார்கள்.