கொழும்புச் சம்பளம் கூடுதலா? மணிக்கணக்கில் பார்ப்போம்



தெஹிவளைச் சந்தியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் உள்ள புடவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஊர் கேட்டால் ஹட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளை என்கிறார்கள். மாடி வீடுகளுக்குள் சமையலும் துப்புரவும் செய்கிற நம் அக்காமாரோ வெளியில் தெரிவதே இல்லை. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பெற்றோர் எங்களிடம் கேட்பது ஒரே கேள்வி. "கடையில மாசம் நாப்பதாயிரம் குடுக்கிறாங்களாம் டீச்சர், அனுப்பட்டுமா?" அனுப்பு என்றோ அனுப்பாதே என்றோ ஒற்றை வார்த்தையில் சொல்ல எங்களால் முடியாது. கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

2025 வரை தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியால் வந்தது. அந்தச் சம்பளத்தில் 25 பெயர் விழுந்தால் மாதம் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், 2,700 ரூபா கழியும். கையில் 31,050. சந்தா, கடன், முற்பணம் கழிந்தால் இன்னும் குறையும். 15 பெயர்தான் விழுந்தது என்றால் மொத்தமே 20,250 ரூபா. கிலோ குறைந்து அரைப் பெயர் போட்ட மாதத்தின் கணக்கை நீங்களே அறிவீர்கள்.

இப்போது கடை. உதாரணத்துக்கு மாதம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டினால் 12 மணித்தியாலம். மாதத்தில் 28 நாள் நின்றால் 336 மணித்தியாலம். வகுத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு 119 ரூபா. தோட்டத்தின் அந்த 1,350 ரூபாவை எட்டால் வகுத்தால் 168 ரூபாவுக்கு மேல். தோட்டத்தில் தொழில் கொடுப்போர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தம் பங்காகக் கட்ட வேண்டும். அந்த 1,350 ரூபாவில் அது ஒரு பெயருக்கு 202 ரூபா 50 சதம். ஐந்து வருடம் முடித்தால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் உண்டு. கடையில் இவை எதுவும் கட்டப்படாவிட்டால், பெரிதாகத் தெரிந்த 40,000 ரூபாதான் சின்னச் சம்பளம்.

இதைச் சொல்லித் தோட்டத்தைப் புகழ நாங்கள் வரவில்லை. கடையில் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கலாம். தோட்டத்தில் மாதம் 25 நாள் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பிள்ளைகள் மலையை விட்டு இறங்குவது கணக்குத் தெரியாமல் அல்ல. லயத்தில் மூன்றாம் தலைமுறையாக வாழ்ந்து பார்த்த பிறகுதான் இறங்குகிறார்கள்.

2019ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? மாதச் சராசரி வருமானம் நகரக் குடும்பத்துக்கு 116,670 ரூபா, கிராமக் குடும்பத்துக்கு 69,517, தோட்டக் குடும்பத்துக்கு 46,865. அதே ஆண்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே நாட்டில் 14.3 வீதத்தினர், தோட்டத்தில் 33.8 வீதத்தினர். நாட்டுக்குத் தேயிலையால் டொலர் கொண்டுவருகிற இடத்தில் மூன்றில் ஒருவர் வறியவர்.

சராசரி என்ற சொல்லிலும் ஒரு சூது உண்டு. ஐந்து பேரின் சம்பளம் 20,000, 22,000, 25,000, 30,000, 203,000 ரூபா என்று வையுங்கள். கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 60,000. ஆனால் நான்கு பேர் அதில் பாதிக்கு மேல் காணவில்லை. அவர்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 25,000 என்பார். அந்த நடுப்பேரின் சம்பளம்தான் சாதாரணத் தொழிலாளியின் நிலையைக் காட்டும். 2019இல் நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் 76,414 ரூபா, நடுக் குடும்பத்தின் வருமானம் 53,333 ரூபா. "சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது" என்று யாராவது மேடையில் சொன்னால், நடுப்பேருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் இந்த நடுப்பேர்க் கணக்கைத்தான் பிரித்துப் பிரித்து வெளியிடுகிறது. அங்கே முழுநேரம் வேலை செய்யும் ஆண் 100 டொலர் பெறும் இடத்தில் பெண்ணுக்கு ஏறத்தாழ 83 டொலர். கறுப்பினத்தவரின் நடுச் சம்பளம் வெள்ளையரை விடக் குறைவு. தொழிற்சங்க உறுப்பினருக்கு 2024இல் வாரம் 1,337 டொலர், சங்கத்தில் இல்லாதவருக்கு 1,138 டொலர். தொழிலும் இடமும் வேறுபடுவதால் அந்த வித்தியாசம் முழுவதும் சங்கத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் சங்கம் சும்மா சந்தா வாங்குகிறது என்பவர்கள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அந்த நாட்டிலும் 1938இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது இரண்டு கூட்டத்தாரை வெளியே நிறுத்தினார்கள். ஒன்று பண்ணைத் தொழிலாளர், மற்றது வீட்டு வேலையாட்கள். அவர்களில் பெருந்தொகையினர் கறுப்பினத்தவர். பண்ணைத் தொழிலாளரைச் சேர்க்க 1966 வரையும், வீட்டு வேலையாட்களைச் சேர்க்க 1974 வரையும் போனது. மண்ணில் குனிபவரையும் அடுப்படியில் நிற்பவரையும் கடைசியில் வைப்பது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது.

நம் கதையும் அதுதான். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் முதலில் நிர்ணயித்த மலைநாட்டு நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில்தான் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. எல்லாச் சங்கங்களும் ஒன்றாக நின்று வேலைநிறுத்தம் செய்ததன் பலன் அது. இன்றும் பல தோட்டங்களில் ஆண்கள் மதியத்தோடு வேலை முடித்து வர, பெண்கள் பின்னேரம் வரை கொழுந்து எடுக்கிறார்கள். நாட்சம்பளம் சமம். மணிச்சம்பளம் சமமா?

கொழும்பில் நம் அக்காமார் செய்யும் வீட்டு வேலைக்குச் சம்பளச் சபை கிடையாது. சேமலாப நிதியும் அவர்களுக்கு இல்லை. கடைப் பிள்ளைகளுக்கோ சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரம் வாரத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. நாளுக்கு 12 மணித்தியாலமாக வாரம் ஏழு நாளும் நின்றால் 84 மணித்தியாலம் ஆகிறது. சட்டத்தின் உச்சம் 57தான்.

"கொழும்புக்குப் போனவர்கள் தோட்டத் தொழிலாளர் இல்லையே, சங்கத்துக்கு என்ன வேலை?" என்று நம் கூட்டங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களது சந்தா நமக்கு வருவதில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் அனுப்பும் காசில்தான் லயத்தில் பல அடுப்புகள் எரிகின்றன. தோட்டத்தில் பெயர் குறைந்தால் கொழும்புக்குப் போகும் பிள்ளைகள் கூடுகிறார்கள். அவர்கள் கூடக்கூட அங்கே பேரம் பேசும் பலம் குறைகிறது. இரண்டும் ஒரே சம்பளப் பிரச்சினை. இரண்டையும் ஒரே சங்கம்தான் பேச வேண்டும்.

2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசாங்கத்தின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபா, ஆக 1,750 ரூபா என்று 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் சொன்னது. வரவேற்கிறோம். அதே ஜனவரியில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவிலிருந்து 30,000 ரூபாவானது. நாட்சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் மாதம் 15 பெயர்தான் என்றால் 1,750 ரூபாவிலும் 26,250 ரூபாதான் வரும். நாட்டில் யாருக்கும் இதற்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்லும் தொகையையே அது எட்டாது. ஆகவே நம் அடுத்த கோரிக்கை மாதத்துக்கு உறுதியான வேலை நாட்களாக இருக்க வேண்டும். அந்த 200 ரூபாவுக்கும் சேமலாப நிதி உண்டா என்று இப்போதே கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது, ஒவ்வொரு தோட்டக் கிளையிலும் கொழும்புக்குப் போனவர்களின் பதிவேடு ஒன்று. போயா நாட்களில் தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ ஓர் அறை எடுத்து, அவர்கள் வந்து பேச ஒரு மேசை போடுங்கள். முறைப்பாடு இருந்தால் நாராஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குக் கூட்டிப்போக ஒருவர் இருக்கட்டும். வீட்டு வேலையையும் தொழிற் சட்டங்களுக்குள் கொண்டுவரும் கோரிக்கையை நம் மே தினத் தீர்மானத்தில் சேருங்கள்.

பெற்றோரே, 16 வயது ஆகாத பிள்ளையை எந்த வேலைக்கும் அனுப்பாதீர்கள். அது குற்றம். வளர்ந்த பிள்ளை போகத்தான் வேண்டும் என்றால், தரகரிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணித்தியாலம், எத்தனை நாள் லீவு, நியமனக் கடிதம் உண்டா, சேமலாப நிதி இலக்கம் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலை ஒரு கொப்பியில் எழுதித் தோட்டத் தலைவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். தரகர் பதில் சொல்லத் தயங்கினால், பிள்ளையின் பையைக் கட்டாதீர்கள்.