ஒரு எலிக்ஸிருக்கு மூணு எலும்புக்கூடு... வேஸ்ட்டா, வொர்த்தா?

ராத்திரி பதினொரு மணி. 'ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டுத் தூங்கிடலாம்' என்று கிளாஷ் ராயலைத் திறந்தேன். ஏழு எலிக்ஸிர் சேர்த்துவெச்சு, கம்பீரமா ஒரு பெக்காவை இறக்கினேன். எதிரில் இருந்தவர் அலட்டிக்கவே இல்லை. மூணே எலிக்ஸிர் செலவில் ஸ்கெலிட்டன் ஆர்மியைக் கொட்டினார். 15 எலும்புக்கூடுகள் சுத்தி நின்னு கும்மியடிக்க, பெக்கா காலி. அன்னைக்கு ஒரு மேட்ச்சோட தூங்கலைங்கிறது தனிக்கதை!

தட்டினால் உதிர்ந்துவிடும் இந்தப் படைக்கு எப்படி இவ்வளவு பவர்? கோபம் தணிஞ்ச பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெக்கா ஒரு அடி அடிக்க 1.8 விநாடி ஆகும். ஓர் அடிக்கு ஓர் ஆள்தான் விழும். 15 பேரையும் முடிக்க 27 விநாடி வேணும். அதுவரைக்கும் பெக்கா உயிரோடு இருக்காதே பாஸ்!

வாங்குறது படையை இல்லை, நேரத்தை!

கிளாஷ் ராயலில் சாதாரணமாக ஒரு எலிக்ஸிர் ஊற 2.8 விநாடி ஆகும். அதாவது, அஞ்சு எலிக்ஸிர் பிரின்ஸை இறக்க எதிராளி 14 விநாடி சேமிச்சிருக்கணும். ஈட்டியைத் தூக்கிக்கிட்டுப் பாய்ந்துவரும் அவன் முன்னால், ஒரு எலிக்ஸிர் ஸ்கெலிட்டன்ஸ் கார்டைப் போடுங்க. அந்தப் பெரிய அடி, ஒரு எலும்புக்கூட்டின் மேல் விழுந்து வீணாகும். மிச்சம் ரெண்டும் அவனை இழுத்துப் பிடிக்க, டவர் பாட்டுக்குச் சுட்டுக்கிட்டே இருக்கும். செத்தது மூணு எலும்புக்கூடு. லாபம், நாலு எலிக்ஸிர்.

இன்னொரு லாபம் கண்ணுக்குத் தெரியாது. டெக்கில் எட்டு கார்டு, கையில் நாலு. போட்ட கார்டு மறுபடி கைக்கு வர, வேற நாலு கார்டுகளை இறக்கியாகணும். பிரபலமான '2.6 ஹாக் சைக்கிள்' டெக் ஜெயிக்கிறதே இந்தச் சூட்சுமத்தில்தான். ஸ்கெலிட்டன்ஸ் 1, ஐஸ் ஸ்பிரிட் 1, ஐஸ் கோலெம் 2, லாக் 2... மொத்தம் ஆறு எலிக்ஸிரில் ஹாக் ரைடர் திரும்பக் கைக்கு வந்துடுவார். எதிராளி மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த அட்டாக்!

அந்த கார்டில் ஒருகாலத்தில் நாலு எலும்புக்கூடுகள் வந்தன. அதை மூணாகக் குறைச்சாங்க. ஒரே ஒரு எலும்புக்கூடு கூடுதலா நின்னாலே கேமோட பேலன்ஸ் ஆடுதுன்னா, அதோட மதிப்பைப் பார்த்துக்கங்க.

சரி, எங்கே சொதப்பும்?

ஸ்கெலிட்டன் ஆர்மிக்கு விலை மூணு. லாக், ஸாப் ரெண்டுக்கும் விலை ரெண்டுதான். உருண்டு வர்ற ஒரு மரக்கட்டை மொத்தப் படையையும் வாரிட்டுப் போயிடும். உங்களுக்கு ஒரு எலிக்ஸிர் நஷ்டம். சுழன்று அடிக்கும் வால்கிரி வந்தாலும் இதே கதிதான். பேபி டிராகன் மாதிரி பறக்கிறவங்களை எலும்புக்கூடுகளால் தொடவே முடியாது.

ஆனால், இதிலும் ஒரு ட்விஸ்ட் இருக்கு. லாக் போயிடுச்சுன்னு தெரிஞ்ச அடுத்த நொடி, கோப்ளின் பேரலை டவர் மேல் வீசலாம். 'லாக் பெய்ட்' டெக்கின் மொத்த வித்தையும் இதுதான். ஒரு எலிக்ஸிர் நஷ்டப்பட்டு, ஒரு டவரையே பேரம் பேசுறது!

பி.சி கேம்களிலும் இதே கதைதான்!

1999-ல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'-யில் ஓர் எலும்புக்கூட்டின் விலை 60 தங்கம். நெக்ரோமன்சி திறமை இருந்தால் அதுகூட வேண்டாம். போரில் செத்த எதிரிகளில் ஒரு பகுதி, எலும்புக்கூடாக எழுந்து உங்க பக்கம் சேரும். ஒவ்வொரு போரிலும் மத்தவங்க படை தேய, உங்க படை வளரும். இங்கே இலவசமா வர்ற கூட்டமே கேமை முடிச்சுவெச்சுடும்.

2002-ல் வந்த 'வார்கிராஃப்ட் 3' இதுக்குக் கடிவாளம் போட்டது. நெக்ரோமான்சர் ஒரு பிணத்திலிருந்து ரெண்டு எலும்புக்கூடுகளை எழுப்புவார். ஆனால், பிணம் கிடைக்கணும். எழுந்தவை கொஞ்ச நேரத்தில் தானாகவே உதிர்ந்துடும். எதிரியின் பிரீஸ்ட் 'டிஸ்பெல்' மந்திரம் போட்டால் கூண்டோடு கைலாசம்.

2016-ல் வந்த 'டோட்டல் வார்: வார்ஹாமர்' ஸோம்பிகள் யாரையும் பெருசா வெட்டிச் சாய்க்க மாட்டாங்க. பயந்தும் ஓட மாட்டாங்க. எதிரியின் நல்ல படையை முன்னால் நிறுத்திவெச்சா போதும், பின்னால் குதிரைப்படை வந்து வேலையை முடிச்சுடும்.

என்னதான் தீர்ப்பு?

எலும்புக்கூடு ஜெயிச்சுக் கொடுக்கும்னு நினைச்சு இறக்கினால் வேஸ்ட். ஜெயிக்கப்போற கார்டுக்கு நேரம் வாங்கித்தரும்னு இறக்கினால், அதைவிட வொர்த் எதுவும் இல்லை. எதிராளி கையில் லாக் இருக்கா, போட்டு எத்தனை கார்டு ஆச்சு என்று எண்ணிக்கிட்டே ஆடுங்க. அது தெரியாமல் கொட்டுற 15-ம் குப்பைதான்.

முக்கியமா, தோத்த கடுப்பில் கடைக்குப் போய் காசு கொடுத்து பெட்டி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பொறுங்க. ஸ்கெலிட்டன்ஸ் ஒரு சாதாரண 'காமன்' கார்டு. எந்த லெவலில் இருந்தாலும் அதோட வேலை, ஓர் அடி வாங்கிட்டுச் சாகிறது மட்டும்தான். அதுக்குக் காசு வேண்டாம், டைமிங் போதும்.

என் டெக்கில் பெக்கா இன்னும் இருக்கு. ஆனால், இப்போ அது தனியா பாலம் தாண்டுறதில்லை. பக்கத்துலயே ஸாப் ரெடியா இருக்கு!