பெண்களின் சபரிமலை என்று சொல்லாதீர்கள்

மண்டைக்காடு பகவதியம்மன் கோவிலைப் ‘பெண்களின் சபரிமலை’ என்கிறார்கள். செய்தித்தாளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கொடை நாட்களில் ஒலிபெருக்கியிலும் அப்படித்தான் அறிவிக்கிறார்கள். இருமுடி சுமந்து வரும் பெண்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகு பிடிக்காதது போய், அதன்மீது கோபமே வந்துவிட்டது.

அவள் என் வகுப்பில் படித்தவள். மாசிக்கொடைக்கு இருமுடி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கணக்குப் பார்த்தால் மாதவிலக்கு அந்த நாளில்தான் வரும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, மருத்துவரைக் கேட்காமலேயே விழுங்கிவந்தாள். தலைசுற்றி வகுப்பில் உட்கார்ந்துவிட்டவளைத் திண்ணையில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். “டீச்சர், அம்மனும் பொம்பளதானே? அவளுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எழுதி ஆறிக்கொள்ளும் பழக்கத்தால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் கருங்கலிலிருந்து குளச்சல் வழியாகப் போனால் மண்டைக்காடு அதிக தூரமில்லை. கடலை ஒட்டிய கோவில். அங்கே அம்மன் என்பது ஒரு புற்று. கருவறையில் ஏறத்தாழ 15 அடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் மண்புற்றுக்குத்தான் சந்தனமும் பூவும். மாசிக்கொடை பத்து நாள் நடக்கும். குமரி மாவட்டத்துப் பெண்களோடு கேரளத்துப் பெண்களும் கூட்டம் கூட்டமாக இருமுடி கட்டி வருவார்கள். கடலில் குளித்துவிட்டு மணலில் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுவார்கள். தலைவலி தீர மண்டையப்பமும், அம்மை கண்டவர்களுக்காக முத்தப்பமும் செய்து படைப்பார்கள்.

அந்தப் புற்றின் கதையை என் பாட்டி இப்படிச் சொல்வாள். “அப்பம் இதெல்லாம் காடு மக்களே. மாடு மேய்க்கப் பிள்ளைய வெளையாடும்போ புற்றில அடிபட்டுது. சோர வந்துது. சந்தனத்த அரச்சு அப்புனதுக்குப் பெறகுதான் நின்னுது.” ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றங்களோடு சொல்லப்படும் கதைதான். ஆனால் எந்த மாற்றத்திலும் இரத்தம் மட்டும் மாறுவதில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அந்தத் தெய்வம் ஊருக்கு அறிவித்ததே இரத்தத்தால்தான். அந்த இரத்தத்தைக் கண்டு ஊர் கைகூப்பியது. அதே ஊரில் அவளைக் கும்பிடப் போகும் பெண், தன் இரத்தத்தை மாத்திரை போட்டு அடைக்கிறாள்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். ‘பெண்களின் சபரிமலை’ என்றால் என்ன பொருள்? சபரிமலை என்று ஒன்று இருக்கிறது, அது ஆண்களுடையது. அங்கே உங்களுக்கு இடமில்லை, ஆகவே இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். 1991இல் கேரள உயர் நீதிமன்றம் 10 முதல் 50 வயதுவரையுள்ள பெண்கள் சபரிமலைக்குப் போகக்கூடாது என்ற வழக்கத்தை உறுதிசெய்தது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஜனவரி 2ஆம் தேதி விடியுமுன் இரண்டு பெண்கள் சன்னிதானம் சென்றுவந்தார்கள். அவர்கள் வந்துபோனதற்காக நடையை அடைத்துச் சுத்திகலசம் செய்தார்கள். 2019 நவம்பரில் வழக்கு பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் போனது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்ட வாதம் ஒன்று உண்டு: “உங்களுக்குத்தான் மண்டைக்காடு இருக்கே, பிறகு எதுக்கு மலைக்குப் போகணும்?”

பேருந்தில் பின்னிருக்கையைக் காட்டிவிட்டு ‘இது உங்களுக்கே உங்களுக்கு’ என்பது எப்படிப் பெருமையாகும்? யாரும் சபரிமலையை ‘ஆண்களின் மண்டைக்காடு’ என்று சொல்வதில்லை. தனக்கென்று பெயரும் கதையும் கடலும் உள்ள ஒரு தாய்த்தெய்வத்தை, ஓர் ஆண்தெய்வத்தின் மகளிர் பிரிவாக ஆக்கிவிட்டோம். அம்மனுக்கே இந்த இடம் என்றால் அவள் பக்தைகளுக்கு எந்த இடம் கிடைக்கும்?

‘பழைய ஆசாரம்’ என்று இதற்குப் பதில் சொல்வார்கள். பழமையைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் நானும் பேசத் தயார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பில் குமரி வருகிறது. அங்கே ஒரு பெண்தெய்வம் தங்கி நீராடியதாகச் சொல்லப்படுகிறது என்றும், துறவு வாழ்வு வாழ விரும்பும் ஆண்கள் அங்கே வந்து நீராடி மணமின்றித் தங்குகிறார்கள், பெண்களும் அப்படியே செய்கிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வந்து தங்கிய கரை இது.

அடுத்தது சிதறால். மார்த்தாண்டத்துக்கு வடக்கே உள்ள அந்தக் குன்றைப் பழைய கல்வெட்டுகள் திருச்சாரணத்துமலை என்கின்றன. சமணர் மலை அது. பாறையில் தீர்த்தங்கரர்களோடு அம்பிகை இயக்கியும் பத்மாவதி இயக்கியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னாளில் அதுவே பகவதி கோவிலானது. அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அரிட்டநேமி என்ற ஆசிரியரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள், அந்த மலையின் பெண்தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்ததை அது பதிவுசெய்கிறது.

‘குரத்தி’ என்ற சொல்லை என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போடுவேன். குரவர் என்பதன் பெண்பால் அது. ஆசிரியை, சமயத் தலைவி என்று பொருள். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பெயர்கள் வருகின்றன. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு பெண்ணைச் சமய ஆசிரியராக ஏற்றுக்கொண்டு, அதற்கென ஒரு சொல்லையும் இந்த மண் வைத்திருந்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ‘குறத்தி’யை எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். பழமையைக் காப்பாற்றுகிறோம் என்பவர்கள் குரத்தியை ஏன் காப்பாற்றவில்லை?

அவர்கள் காப்பாற்றியது எதை என்பதும் நமக்குத் தெரியும். அம்மனுக்குப் பட்டுச் சார்த்திய இதே திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைக்க 1822 முதல் 1859 வரை தெருவில் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26 அறிவிப்பு மேலாடையை அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டது. 1936 நவம்பர் 12 வரை அரசுக் கோவில்களின் வாசல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் திறக்கவில்லை. அப்போதும் அந்தத் தடைக்கு ஆசாரம் என்றுதான் பெயர். உடைந்த பிறகு அதே ஆசாரத்துக்கு அநீதி என்று பெயர் வந்தது. இன்றைய தீட்டுக்கும் ஒருநாள் அந்தப் பெயர் வரும். அதுவரை எத்தனை பிள்ளைகள் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

‘இமயம் முதல் குமரி வரை பெண்ணைத் தெய்வமாக வணங்கும் நாடு’ என்பது மேடைகளில் கேட்டுச் சலித்த வாக்கியம். நாட்டின் எல்லையைத் தாண்டியே பார்ப்போம். இமயத்தின் மடியில், காத்மாண்டுவில், நேவார் சமூகத்துச் சிறுமி ஒருத்தியைக் குமாரி என்று தேர்ந்தெடுத்துத் தலேஜு தெய்வமாக வணங்குகிறார்கள். முதல் மாதவிலக்கோடு அவள் தெய்வத்தன்மை முடிந்துபோகிறது; வேறொரு சிறுமியைத் தேடுகிறார்கள். அதே நேபாளத்தின் மேற்கு மலைகளில் மாதவிலக்கான பெண்ணை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கும் ‘சௌபடி’ வழக்கம் உண்டு. குளிரிலும் புகையிலும் பாம்புக்கடியிலும் பெண்கள் செத்திருக்கிறார்கள். 2005இல் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. அசாமின் காமாக்கியாவில் ஆண்டுக்கொருமுறை தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்துகிறார்கள். சிவப்புத் துணி பிரசாதமாகிறது. செங்ஙன்னூர் பகவதிக்கும் ‘திருப்பூத்து’ கொண்டாடுகிறார்கள். எங்கள் குமரியோ கல்யாணம் நின்றுபோய் நிரந்தரக் கன்னியாக நிற்கிறாள். இமயம் முதல் குமரி வரை வணங்கப்படுவது பெண்ணா? உதிரம் கண்டால் பதவி இழக்கும் சிறுமி தெய்வம், கல்லாகவோ மண்ணாகவோ இருந்தால் உதிரமும் தெய்வம். உயிருள்ள, வயதுவந்த பெண்தான் எங்கேயும் தீட்டு.

மண்டைக்காட்டில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். அரிசி இடிப்பதும் சுமப்பதும் விரதமிருப்பதும் புகையில் கண் எரியப் பொங்குவதும் பெண்கள். புற்றைத் தொட்டுச் சந்தனம் சார்த்துவது ஆண்கள். கொடையின் கடைசி இரவு ஒடுக்கு பூஜைக்கு உணவுப் பண்டங்களை வெள்ளைத் துணியால் மூடித் தலையில் ஏந்தி வருவதும் ஆண்கள். அத்தனை கூட்டமும் பேச்சற்று நிற்கும். 2021 ஜூன் 2 அன்று கோவில் கூரையில் தீப்பிடித்தது. அம்மனின் மனதை அறியத் தேவப்பிரசன்னம் பார்த்தார்கள். ஒரு பெண்தெய்வம் என்ன நினைக்கிறாள் என்பதைச் சோழி பரப்பி ஆண்கள் சொல்ல, ஊர் கேட்டுக்கொண்டது.

1982ஐயும் மறக்க முடியாது. கொடைக்கு வந்து கடலில் குளித்த பெண்களைச் சீண்டினார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. மார்ச் 1ஆம் தேதி மண்டைக்காட்டில் காவல்துறை சுட்டதில் ஆறு மீனவர்கள் செத்தார்கள்; கலவரம் கடற்கரை ஊர்களெல்லாம் பரவியது. பெண்களின் மானம் என்ற பெயரில் நடந்த அந்தச் சண்டையில், குளிக்க வந்த பெண்களிடமும், கடற்கரையில் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களிடமும் யாரும் யோசனை கேட்டுச் செய்யவில்லை.

கருவறைக்குள் பெண் போக முடியாது, இங்கே இருப்பது கேரளத் தாந்திரீக முறை என்பார்கள். ஆலப்புழை மாவட்டத்து மண்ணாறசாலை நாகராஜர் கோவிலில் தலைமைப் பூசாரி யார்? குடும்பத்தின் மூத்த பெண், வலியம்மா. நாகத்துக்குப் பூசை செய்யப் பெண்ணுக்குத் தகுதி உண்டென்றால், புற்றுக்குப் பூசை செய்ய மட்டும் எப்படி இல்லாமல்போகும்? மேல்மருவத்தூரில் பெண்கள் மாதவிலக்கு நாட்களிலும் உள்ளே சென்று வழிபடுகிறார்கள். அந்தப் பீடத்தைப் பற்றி எனக்கு வேறு கேள்விகள் உண்டு. ஆனால் அங்கே வானம் இடிந்து விழவில்லை. 2023இல் தமிழ்நாடு அரசின் அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள். குமரி மாவட்டக் கோவில்களும் இந்து சமய அறநிலையத்துறையின் கீழ்தான் இருக்கின்றன. முதல் பெண் அர்ச்சகரை ஓர் அம்மன் கோவிலில் நியமிப்பதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கிறது?

இருமுடி எடுக்கும் பெண்களைக் கேலிசெய்ய நான் இதை எழுதவில்லை. என் பாட்டியும் எடுத்தவள்தான். ஆண்டு முழுக்க அடுப்படியில் கிடந்தவளுக்குக் கூட்டாளிகளோடு பாடிக்கொண்டு நடந்த அந்த நாட்கள் எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். கடலில் முங்கி எழும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை வீட்டில் நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அவளுடையது. அதை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் ஆண்டில் சில நாள் சிரிக்க விடுவதைக் காட்டி, மற்ற நாட்களுக்கும் மற்ற வாசல்களுக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே முதலில் அந்தப் பெயரை விடுவோம். அவளுக்கு மண்டைக்காட்டம்மை என்று நல்ல பெயர் இருக்கிறது. கோவில் அலுவலகத்துக்கு மனு எழுதும்போது பெண் அர்ச்சகர் வேண்டும் என்று எழுதுவோம். வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளிடம் மாத்திரை வேண்டாம் என்று சொல்வோம். இது பகுத்தறிவாளர்களுக்கு மட்டுமல்ல, பக்தைகளுக்கும் சொல்கிறேன்.

அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. ஆமாம் மக்களே, அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இரத்தத்தோடு வெளிப்பட்டாள். தெரியாதமாதிரி நடிப்பவர்கள் புற்றைச் சுற்றி நிற்கிறவர்கள்தான்.